சம்மதமா, சகோதரி?

மணல் கடிகாரத்தைப் போதகர் இரண்டாம் முறையாகத் திருப்பி வைத்தபோது, பித்தியாளுக்குத் தன் கால்விரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று சந்தேகம் வந்துவிட்டது. காலணிக்குள் அசைத்துப் பார்த்தாள். அசைந்தது மாதிரி இருந்தது. அசையவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதுதான் அசைவாகத் தெரிந்தது என்றும் இருக்கலாம். கிருபையும் இப்படித்தானே படுத்துகிறது என்று நினைத்தாள். உள்ளே வந்துவிட்டது போல ஒரு நிமிஷம் தோன்றும், வந்ததா அல்லது வரவேண்டும் என்கிற என் ஆசையா என்று கேட்டுப் பார்த்தால் போயே போய்விடும். பரவாயில்லை, நன்றாகத்தான் யோசிக்கிறேன் என்று ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. வந்த கையோடு அதன்மேல் ஒரு பயமும் ஏறி உட்கார்ந்தது. பிரசங்கம் நடக்கும்போது தன் யோசனையைத் தானே மெச்சிக்கொள்கிறவள் இன்றைக்கு எந்த முகத்தோடு எழுந்து நிற்பாள்? குளிர் என்றால் நம் ஊர் மார்கழிக் குளிர் இல்லை. போதகர் வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் புகை வந்தது. சபைக்கூடத்தில் அடுப்பு கிடையாது. தேவனைத் தேடி வருகிற இடத்தில் குளிர்காய என்ன வேலை என்று கட்டினவர்கள் விட்டுவிட்டார்கள். மேடைக்குக் கீழே மேசைமேல் ஞானஸ்நானப் பாத்திரம் இருந்தது. ஆறின பாலில் ஆடை கட்டுகிற மாதிரி அதன் தண்ணீர்மேல் பனி கட்டியிருந்ததை உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டாள். எல்லாம் சரியாக நடந்தால் அந்தத் தண்ணீர் அவள் பிள்ளைக்குத்தான்.

இன்றைக்கு அவளுடைய சாட்சி. அந்தச் சனங்களின் ஏற்பாடு அப்படி. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, இன்று நாம் அமெரிக்கா என்கிற தேசத்தின் வடகிழக்குக் கரையில் காட்டை வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். ராஜாவின் சபை போதுமான சுத்தமில்லை என்று கோபித்துக்கொண்டு வந்தவர்கள். ஆகவே தங்கள் சபையில் சுத்தத்துக்குக் குறைவே வரக்கூடாது என்று கங்கணம் கட்டியிருந்தார்கள். ஓய்வுநாளில் கூடத்துக்கு வராவிட்டால் தண்டனை உண்டு, ஆனால் வருகிறவர்கள் எல்லாம் சபையார் ஆகிவிட முடியாது. உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார், சிலரை விட்டுவிட்டார். அதை மாற்ற யாராலும் ஆகாது. தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் நானும் ஒருத்தி என்று நம்ப எனக்கு இன்னின்ன காரணம் உண்டு என்று எல்லார் முன்னிலையிலும் சாட்சி கொடுத்து, மூப்பர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லி, சகோதரர்கள் கை தூக்கினால்தான் உள்ளே. உள்ளே வந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் ஞானஸ்நானம். பித்தியாளின் பிள்ளைக்கு வியாழக்கிழமையிலிருந்து இருமல். அடுத்த ஓய்வுநாள் என்று ஒன்று அந்தப் பிள்ளைக்கு இருக்கிறதோ இல்லையோ, இன்றைக்கே தண்ணீர் பட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அவள் இந்த உலகத்தில் எதையும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிற ஆளும் இல்லை.

பிள்ளை அவள் மடியில் இல்லை. பின்பெஞ்சில், பக்கத்து வீட்டு மெகேதபேலின் மடியில், கம்பளிக்குள் கிடந்தது. மெகேதபேல் வாயாடி என்று பெயர் எடுத்தவள். நாலு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள், மிச்சத்தை அதட்டிக்கொண்டே வளர்க்கிறவள். அவள் மூச்சு பித்தியாளின் பிடரியில் பட்டது. அதற்கு நடுவே பிள்ளையின் மூச்சு, அந்தச் சின்னக் கரகரப்பு, வருகிறதா என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதில்லை என்பது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சட்டம். பிறந்த நாளிலிருந்து அந்த முகத்தை வெளிச்சத்தில் நேராகப் பார்த்ததில்லை. பால் கொடுக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுப்பாள். பலகைச் சுவரில் களிமண் அடைத்த இடத்தில் எங்கெங்கே விரிசல் என்று அவளுக்கு மனப்பாடம், பிள்ளையின் கண் என்ன நிறம் என்று தெரியாது. அழுதால் உடனே எடுக்கமாட்டாள், கைகளை இடுப்பில் கட்டிய வேலைத்துணிக்குள் சுற்றிக்கொண்டு நிற்பாள். போன வாரம் மெகேதபேல் தொட்டிலைக் குனிந்து பார்த்துவிட்டு, "அடி பித்தியா, உன் பிள்ளை சிரிக்குதுடி, ஓடி வா," என்று கூப்பிட்டாள். "அடுப்புல வேலையா இருக்கேன்க்கா," என்று இவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. மெகேதபேல் அப்போது ஒரு மாதிரி பார்த்தாள், பெற்றவளா இவள் என்பது மாதிரி. பார்க்கட்டும். இதுதான் பிள்ளையைக் காப்பாற்றுகிற வழி என்று அவளிடம் எப்படி விளக்குவது?

ஏனென்றால் முதல் பிள்ளையைப் பார்த்துப் பார்த்தே கொன்றுவிட்டோம் என்று பித்தியாள் நம்பினாள். அதற்கு டிலைட் என்று பெயர். மனமகிழ்ச்சி என்று பொருள்; அந்த ஊரில் பிள்ளைகளுக்கு இப்படிக் குணங்களையும் கடமைகளையும் பெயராக வைப்பது வழக்கம், பொறுமை, நன்றி, அச்சம் என்றெல்லாம் பிள்ளைகள் தெருவில் ஓடும். இந்தப் பெயரை அவள்தான் அடம்பிடித்து வைத்தாள். அங்கேயே முதல் தப்பு. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். குடும்ப ஜெபத்தின் நடுவில்கூட ஒரு கண்ணைத் திறந்து தொட்டிலைப் பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு கண்ணைத்தான் தேவன் கவனித்திருக்க வேண்டும். அவர் தமக்குரியதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காதவர், போதகர் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார், மனைவியையும் மக்களையும் நேசியுங்கள், ஆனால் பால் மறந்த பிள்ளை தாயிடம் இருப்பது மாதிரி ஒட்டாமல் இருங்கள் என்று. ஒட்டாமல் எப்படி நேசிப்பது என்று அவர் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது அவள் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருமல் வந்தது. மூச்சை இழுக்கும்போது சேவல் கூவ ஆரம்பித்து நிறுத்தின மாதிரி ஒரு சத்தம். உதடு நீலமாயிற்று. அவ்வளவுதான், ஞானஸ்நானம் இல்லாமலே போய்விட்டது. அவளும் சரி, அவள் புருஷனும் சரி, அப்போது சபையார் இல்லை. "என் பிள்ளை இப்ப எங்கய்யா இருக்கு?" என்று போதகரிடம் போய்க் கேட்டாள். அவர் கண் கலங்கிற்று, நல்ல மனுஷர். "அது தேவனோட ரகசியம்மா. நமக்குச் சொல்லப்படலை," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு இன்றைக்கும் ஆதங்கம், அந்த ஆதங்கம் பாவம் என்றும் தெரியும். எங்கே என்ற சொல் மட்டும் அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

நரிவால் கன்னத்தில் பட்டது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். தூங்குகிறவர்களை எழுப்ப ஓர் ஆள் நீளக் கோலோடு நடந்துகொண்டே இருப்பார். ஆண்களுக்குக் கோலின் குமிழ் நுனி, பெண்களுக்கு நரிவால் கட்டிய நுனி. நான் தூங்கவில்லை, செத்துப்போன பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லமுடியுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் பார்த்தாள். எல்நாத்தான் கடைசி வரிசையில், தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, மரத்தால் செய்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் புருஷன். அவன் சாட்சி கொடுத்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். டிலைட் போன பிறகு அவள் அழுது கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள். "எனக்கு உள்ள ஒண்ணும் நடக்கலையே பித்தியா," என்றான் அவன். "வயல்ல கல்லு பொறுக்குறேன், மரம் வெட்டுறேன், பிரசங்கம் கேக்குறேன். நடந்துச்சுன்னு எப்படி எழுந்து நின்னு சொல்லுவேன்?" "எல்லாரும் சொல்றாங்களே." "அவங்களுக்கு நடந்திருக்கும்." அதற்கு மேல் அவனை அசைக்க முடியவில்லை. கோபமாகத்தான் இருந்தது. ஆனால் சில சமயம் அவளுக்கு ஓர் எண்ணம் வரும், இந்த ஊரிலேயே தேவனுக்குப் பொய் சொல்லப் பயப்படுகிற ஒரே ஆள் சபைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாரோ என்று. இந்த எண்ணத்தை அவள் பாதியிலேயே விட்டுவிடுவாள், சூடான பாத்திரத்தை விடுகிற மாதிரி. இரண்டாவது பெண்ணுக்கு அவன்தான் பெயர் வைத்தான். சப்மிட். ஒப்புக்கொடு என்று பொருள். அவன் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, இந்தத் தடவையாவது தேவன் கோபப்படாத பெயராக இருக்கட்டும் என்று வைத்தான். பித்தியாளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. பிள்ளை என்பாள், அது என்பாள்.

பிரசங்கம் முடியப்போகிறது, போதகர் குரல் இறங்கிவிட்டது. அவருடைய கறுப்பு அங்கிக்குள் எங்கோ அந்தத் தாள் இருக்கிறது. பெண்கள் சபையில் நின்று பேசலாகாது, ஆகவே பெண்களின் சாட்சியைப் போதகர் தன் அறையில் கேட்டு எழுதிக்கொண்டுவந்து வாசிப்பார், பெண் எழுந்து நின்றால் போதும். அந்த அறைக்கு அவள் போன மாதம் போனாள். எங்கே பார்த்தாலும் தாள். அந்த ஊரில் எழுதத் தெரிந்த ஆண்கள் எல்லாம் தங்கள் ஆத்துமாவை நாள்தோறும் எழுதிப் பார்க்கிறவர்கள், இன்று ஜெபத்தில் குளிர்ந்துபோனேன், இன்று கோபித்தேன் என்று. பெண்களுக்கு வேதம் வாசிக்க எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள், எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. அவளுக்கு அது குறையாகப் பட்டதில்லை, அந்த அறையில் உட்காரும்வரை. "டிலைட் போனப்புறம் எப்படி இருந்தீங்க, சொல்லுங்க," என்றார். "உப்பி வராத மாவு மாதிரி கிடந்தேன்யா," என்றாள். அவர் இறகை மையில் தோய்த்து எழுதினார். எழுதினதை வாசித்துக் காட்டினார்: என் இருதயம் கல்லாயிருந்தது. "கல்லுன்னு நான் சொல்லலையே ஐயா." "மாவு, ரொட்டியெல்லாம் அலங்காரம்மா. நம்ம கூடம் மாதிரி நம்ம பேச்சும் வெறுமையா இருக்கணும். கல்லுன்னா எல்லாருக்கும் தெரியும்." அவர் படித்தவர், இருக்கலாம். ஆனால் கல் எதற்கும் காத்திருக்காது. மாவு காத்திருக்கும், யாராவது கணப்புப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார்களா என்று. அதைச் சொல்ல அவளுக்கு அப்போது வரவில்லை. "அடுப்புப் பத்தவைக்கவே தோணலைய்யா, எல்லாம் எதுக்குன்னு இருந்துச்சு," என்றாள். உலகத்தின் மேலிருந்த பற்று அற்றுப்போயிற்று என்று எழுதினார். எழுதிவிட்டு அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

"சகோதரி பித்தியாள் எழுந்து நிற்கட்டும்."

எழுந்தாள். கால் இருக்கிறது, விரல்களும் இருக்கின்றன, எல்லாம் இப்போது பார்த்து வலிக்க ஆரம்பித்தன. போதகர் தாளைப் பிரித்து வாசித்தார். குளிரில் தாள் விறைத்துப் படபடத்தது. ஒரு பெண்ணின் கதை வந்துகொண்டிருந்தது: சிறு வயதில் ஓய்வுநாளில் விளையாடினாள், கப்பலில் புயலைக் கண்டு நடுங்கினாள், தன் பாவத்தைக் கண்டாள், தன்னால் ஒன்றும் ஆகாது என்று கண்டாள், குழந்தை என்னும் விக்கிரகத்தைக் கர்த்தர் இரக்கத்தோடு உடைத்தார், அந்த உடைப்பில் ஒரு வெளிச்சம் வந்தது. யார் இவள்? நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று பித்தியாளுக்கே தோன்றிற்று. இவளுக்கு நானும் கை தூக்குவேன். ஆனால் நிற்கிறது வேறொருத்தி. வெளிச்சம் என்று ஏதாவது வந்ததா? ஒரு நாள் காலையில் கறந்துகொண்டிருந்தபோது மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது, கொஞ்சம் அழுகை வந்தது, அப்புறம் தேவலை என்று இருந்தது. அதைத்தான் சொன்னாள். மாடு தாளில் இல்லை. அது கிருபையா, மாட்டுச் சூடா? சந்தேகம் வருவது நல்ல அடையாளம் என்று போதகர் சொல்வார், நிச்சயமாக இருக்கிறது என்று சொல்கிறவன்தான் ஏமாந்தவன். சரி, எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அப்படியானால் நல்லது. நல்லது என்று தோன்றிவிட்டதே, அப்போது நிச்சயம் வந்துவிட்டதா? அப்படியானால் ஏமாந்தேனா? என்னால் ஒன்றும் ஆகாது என்று அழவேண்டும். அழுதால் இரக்கம் வரும் என்று தெரிந்துகொண்டு அழுதால் அது அழுகை இல்லை, பேரம். பேரம் இல்லாமல் அழலாம் என்றால், பேரம் இல்லாமல் அழுகிறேன் பாருங்கள் என்று உள்ளே ஒருத்தி நின்று காட்டுகிறாள். அவளை எங்கே விரட்டுவது? எந்த யோசனையின் கதவைத் திறந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாள். பின்னால் பிள்ளை இருமிற்று. ஒரு தடவை, சின்னதாக. அப்புறம் அழுதது. அழுகை காதில் விழுந்த மாத்திரத்தில் மார்பு இரண்டும் கனத்து, பால் சுரந்து, சட்டைக்குள் வெதுவெதுவென்று இறங்கிற்று. இறங்கின இடமெல்லாம் உடனே குளிர்ந்தது. பற்று அற்றுப்போயிற்று என்று மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், யாராவது ஈரத்தைப் பார்த்துவிட்டால் தாள் பொய் என்று தெரிந்துவிடும்.

தாள் முடிந்தது. மூப்பர் ஓபதியா எழுந்தார். பித்தியாள் பயந்தது தாளுக்கு இல்லை, இவருக்கு. எழுபது வயதுக்காரர், கிள்ளினால் வலிக்காதவர் மாதிரி தோற்றம், கைப்பிள்ளையோடு சாட்சிக்கு வருகிற எந்தத் தாயையும் ஒரே கேள்விதான் கேட்பார், அது ஊருக்கே தெரியும். இந்தப் பிள்ளையையும் கர்த்தர் கேட்டால் முழுமனதோடு கொடுப்பீர்களா என்று கேட்பார். சம்மதம் என்று சொல்லவேண்டும். அந்த ஒரே வார்த்தைக்குப் பெண்கள் வாயைத் திறக்கலாம். சொன்னவள் உள்ளே. தயங்கினவளை, இன்னும் கொஞ்சம் காலம் ஜெபித்துவிட்டு வாருங்கள் என்று அன்பாக அனுப்பிவிடுவார்கள். கொஞ்சம் காலம் பிள்ளையிடம் இல்லை. ஆகவே அவள் ஒத்திகை பார்த்தாள், அதுதான் அவள் செய்த காரியம். வியாழக்கிழமை தொழுவத்தில், ஆளில்லாத நேரத்தில், கறந்துகொண்டே, சம்மதம், சம்மதம் என்று பால் பீச்சுகிற தாளத்துக்குச் சொல்லிப் பார்த்தாள். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பழகிற்று. கடைசியில் குரல் நடுங்காமல், கண் கலங்காமல், அழகாக வந்தது. மாடு திரும்பிப் பார்த்தது. திருப்தியோடு பால் செம்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். தொட்டிலில் பிள்ளை முதல் தடவையாக இருமிற்று. செம்பு கையிலிருந்து நழுவிவிட்டது. ஐயோ, நான் சும்மா சொல்லிப் பார்த்தேன் என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். தேவனுக்குச் சும்மா என்று ஒன்று உண்டா? தொழுவத்தில் முணுமுணுத்ததற்கே இருமல் என்றால், சபை கேட்க, மூப்பர் கேட்க, உடன்படிக்கையாகச் சொன்னால் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாமல் போனால் மறுபடியும் எங்கே, எங்கே என்று. சொன்னால் பிள்ளை போகும், சொல்லாவிட்டால் பிள்ளை போகிற இடம் தெரியாது. வியாழக்கிழமையிலிருந்து அவள் மனசு இந்த இரண்டுக்கும் நடுவே செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

"சகோதரி," என்றார் ஓபதியா. குரல் கனிவாகத்தான் இருந்தது. "முதல் பிள்ளையைக் கர்த்தர் எடுத்துக்கிட்டார். நீங்க முறுமுறுக்கலை, கேட்டோம். இப்ப இருக்கிற பிள்ளையையும் அவர் கேட்டார்னா, முழுமனசா கொடுப்பீங்களா? சம்மதமா, சகோதரி?"

சபை மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அத்தனை வாயிலிருந்தும் புகை. வாயைத் திறந்தாள். பழகின வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது, தொழுவத்தில் வந்த மாதிரியே, கறந்த தாளத்தோடு. சொல்லிவிடலாம், ஒரு சொல்தானே. பின்னால் பிள்ளை அழுகையை நிறுத்தியிருந்தது. ஏன் நிறுத்திற்று? தூங்கிவிட்டதா? கேட்கிறதா? மூச்சு வருகிறதா? கரகரப்பு வரவில்லையே. மெகேதபேல், கம்பளியை இறுக்கிச் சுற்றாதே, மூக்கை விட்டுச் சுற்று. இவர் என் வாயைப் பார்க்கிறார். கேட்டால் கொடுப்பீர்களா என்கிறார், கர்த்தர் கேட்டா எடுத்தார், டிலைட்டை என்னைக் கேட்டா எடுத்தார்? ஐயோ, இதுதான் முறுமுறுப்பு, இதை உள்ளே சொன்னாலும் கேட்குமே. இல்லை ஐயா, தரமாட்டேன். இதையும் கேட்பாரே. தருகிறேன். இல்லை, அதைக் கேட்காதீர், அதை நான் சொல்லவில்லை. எல்நாத்தான், என்னைப் பார்க்காதீர்கள், நீங்கள் பார்த்தால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். எதைச் சொல்லாமல் இருந்தால் பிள்ளை பிழைக்கும், அதை யாராவது சொல்லுங்கள், எதை வேண்டுமானாலும் சொல்லாமல் இருக்கிறேன். வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கி மோவாயில் சொட்டிற்று. அவளுக்கு அதைத் துடைக்கவும் கை எழவில்லை.

போதகர் மேடையிலிருந்து இரண்டு படி இறங்கி வந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "சகோதரரே, பாருங்க," என்றார் மெதுவாக. "வார்த்தைக்கு இடமில்லாத அளவு உடைஞ்சிருக்கிற இருதயம் இது. இதைவிடப் பெரிய சம்மதம் எது?" ஓபதியா தலையை ஆட்டினார், பல தடவை. அவருக்கும் கண் ஈரமாகியிருந்தது, அவரும் ஒரு காலத்தில் பிள்ளைகளைப் புதைத்தவர்தான். ஆண்கள் பக்கம் கைகள் எழுந்தன, கையுறை போட்ட கை, போடாத கை, வெடித்த விரல்கள். எல்லாரும் தூக்கினார்கள். எல்நாத்தான் தூக்கவில்லை, அவனுக்கு உரிமை இல்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவேன் என்றவனின் பெண்டாட்டி, ஒரு சொல்லும் சொல்லாமல் ஊரையே ஏமாற்றிவிட்டாள். இல்லை என்று எழுந்து சொல்லவேண்டும். இப்போதே. தகுதியில்லாமல் உள்ளே போகிறவள் தனக்குத்தானே ஆக்கினையைத் தேடிக்கொள்கிறாள், சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். "ஐயா," என்றாள். நிஜமாகவே சத்தம் வந்தது. அதற்குள் முன்வரிசையில் வேதத்தின் சங்கீதப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொடுத்துவிட்டார்கள். ஒருவர் ஒரு வரி சொல்வார், சபை அதை இழுத்துப் பாடும், ஆளுக்கொரு ராகம், ஆளுக்கொரு வேகம். அவளுடைய ஐயா அதற்குள் விழுந்து காணாமல் போயிற்று.

"பிள்ளையைக் கொண்டு வாங்கம்மா," என்று சைகை காட்டினார் போதகர். இது தாய் வழியாக வந்த உரிமை, ஆகவே தாய்தான் ஏந்தி வரவேண்டும். அவள் பின்பெஞ்சுக்குத் திரும்பினாள். மெகேதபேல் பாடிக்கொண்டே கம்பளி மூட்டையை நீட்டினாள். பித்தியாள் வாங்காமல் நின்றாள்.

"அக்கா, நான் சம்மதம்னு சொல்லலை. அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. ஐயாகிட்டச் சொல்லணும்."

மெகேதபேல் அந்த வரியைப் பாடி முடித்தாள். அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கிற இடைவெளியில் குனிந்து, "நானும் சொல்லலடி," என்றாள். "இருமுனேன். அந்தக் கிழவர் கேக்கிற நேரம் பார்த்து இருமி வெச்சேன். சொல்லிட்டேன்னு எடுத்துக்கிட்டாங்க."

"அதனாலதான் நாலு பேரும்..." என்று பித்தியாளுக்கு வாய் தவறி வந்துவிட்டது.

மெகேதபேலின் முகம் தொங்கிப்போயிற்று. ராத்திரிகளில் அவளும் இதே செக்கைத்தான் சுற்றியிருக்கிறாள் என்று அந்த முகத்தில் தெரிந்தது. சபை அடுத்த வரியை இழுக்க ஆரம்பித்தது, அவளும் வாயைத் திறந்து அதோடு சேர்ந்துகொண்டாள், குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பாடிக்கொண்டே பிள்ளையை இவள் கையில் திணித்து, தலைக்குக் கீழே கையை வைத்துத் தாங்கிக்கொள் என்று விரலால் காட்டினாள்.

நடந்தாள். பிள்ளை கனமே இல்லாமல் இருந்தது. மேடைக்கும் மேலே, கறுப்பு அங்கிகளுக்கும் மேலே, கண்ணாடிக்குப் பதில் எண்ணெய்த் தாள் ஒட்டிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஜன்னல் வழியாக மத்தியான வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்காதே. இன்னும் கொஞ்ச நேரம். தண்ணீர் பட்டுவிடட்டும், வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம். போதகர் பாத்திரத்தின் விளிம்பில் விரல் முட்டியால் தட்டினார். பனி உடைந்தது, சின்னச் சத்தம், கண்ணாடிச் சில்லு மாதிரி. "பெயர்?" என்றார். அவளுக்கு வரவில்லை. பின்னாலிருந்து, கடைசி வரிசையிலிருந்து, எல்நாத்தானின் குரல் கேட்டது. "சப்மிட்." பாட்டு நின்ற அமைதியில் அது உத்தரவு மாதிரி கேட்டது, யாருக்கு என்று தெரியாத உத்தரவு. போதகர் கையைத் தண்ணீரில் விட்டார், அவர் விரல்கள் சிவந்தன. "முகத்தை மூடியிருக்கே, கம்பளியை விலக்குங்கம்மா," என்றார்.

விலக்க வேண்டுமானால் பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள், கம்பளியின் மடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று புரியவில்லை, விரல்கள் மரத்துப்போயிருந்தன. நேரம் ஆகிறது. சபை பார்க்கிறது. அவர் கையில் அள்ளிய தண்ணீர் இடுக்கு வழியாக ஒழுகி வீணாகிறது. குனிந்து பார்த்து விலக்கினாள். தண்ணீர் நெற்றியில் விழுந்தது, பனிச்சில்லு ஒன்று புருவத்தில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை முகத்தைச் சுளித்தது, அழப்போவது மாதிரி உதட்டைப் பிதுக்கிற்று, அழவில்லை. கண்ணைத் திறந்தது. பழுப்பு நிறம். டிலைட்டின் கண் இல்லை, யாருடைய கண்ணும் இல்லை, அதனுடையது. அந்தக் கண் சுற்றிச் சுற்றி எதையோ தேடி, ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்திருந்த இந்தப் புது முகத்தில் வந்து நின்றது. நின்று பார்த்தது. பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்கிற மாதிரி, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. பித்தியாளும், பாவி, திருப்பிச் சிரித்துவிட்டாள். இரண்டு பேரின் சிரிப்பும் முடிவதற்குள் பிள்ளைக்கு இருமல் வந்தது, உடம்பெல்லாம் குலுங்க, மூச்சை இழுக்கும்போது அந்தப் பழைய சத்தத்தோடு. முகத்தைத் திருப்பிக்கொள் என்று தனக்குத்தானே சொன்னாள். அவளால் முடியவில்லை.